மூன்றாவது குழாய்

மூன்றாவது குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை.

கொத்தனார் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தடுப்புச் சுவருக்கு முன்னால் நின்றார். காலையிலிருந்து விடாத மழை. சரிவுக்குள் இறங்குகிற தண்ணீருக்கு வெளியேற வழியில்லாவிட்டால் சுவரையே தள்ளிவிடும். அதற்காகத்தான் அடிவரிசையில் ஏழு குழாய் பதித்திருந்தார். ஆறும் செம்மண் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்க, இது மட்டும் வாய் காய்ந்து கிடந்தது.

சுவருக்கு மேலே, சரிவின் விளிம்பில், தங்கச்சியின் வீடு. சுவருக்குப் பின்னால், மண்ணுக்குள் எங்கேயோ, தங்கச்சி புருஷன். போன மழையில் சரிவு பெயர்ந்தபோது கீழே நின்றவர். மூன்று நாள் தோண்டினார்கள். இன்னும் ஒரு முழம் தோண்டினால் வீடும் சரிந்து வந்துவிடும் என்றானபோது, "போதும், நிறுத்துங்கப்பா" என்று சொன்னது கொத்தனார்தான். சொன்னபோது மனசில் ஒன்றுமில்லை. இப்போதும் இல்லை. சுவர் கட்ட வேண்டியிருந்தது, கட்டினார்.

மச்சானும் கொத்துவேலைதான். இருபது வருஷம் இரண்டு பேரும் ஒரே சாரத்தில் நின்றவர்கள். எந்தச் சுவர் முடிந்தாலும் மச்சான் ஈரப் பூச்சில் பெருவிரலை அழுத்தி வைப்பார். "கையெழுத்துப் போட்டாச்சு மச்சான். விழுந்தா என் மேல கேஸ் போடு!"

தங்கச்சி டம்ளரோடு படியிறங்கி வந்தாள். கொத்தனார் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. குனிந்து, மூன்றாவது குழாய்க்குள் டீயை மெதுவாக ஊற்றினாள்.

வெளிப்பக்கம் சாய்த்து வைத்த குழாய். ஊற்றினால் திரும்பி வரத்தான் வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை.

"என்னம்மா பண்ற?"

"இன்னைக்குச் சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேண்ணே. நேத்து கம்மின்னு தட்டினாரு."

"யாரு?"

வேலைக்குப் புதிதாய் வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "மெதுவா பேசுண்ணே. மேல பிள்ளைங்க தூங்குதுங்க."

போய்விட்டாள்.

அவர் நீளக் கம்பியை எடுத்துக் குழாய்க்குள் விட்டார். சுவரின் கனம் தாண்டியது. பின்னால் கொட்டிய ஜல்லி தாண்டியது. பிறகு மெத்தென்று எதிலோ நின்றது. ஈரச் சிமெண்டு வாடையும் டீ வாடையும் கலந்து, குழாயிலிருந்து சூடாக ஒரு காற்று முழங்கையில் பட்டது. கம்பி கையில் அசைந்தது. உள்ளிருந்து யாரும் பிடுங்கவில்லை. சுவருக்கு நூல் பிடிக்கும்போது எதிராள் மறுமுனையை வாங்கிக்கொள்கிற மாதிரி, பதமாக, உள்ளே போனது.

முழுசும் போனது.

கொத்தனார் திரும்பினார். கால் நடந்தது. கை கலவையைக் கெட்டியாகக் குழைத்தது. தண்ணீர் வராத குழாயை அடைத்தால் என்ன கெட்டுப்போகும்? கரண்டியால் திணித்தார். இன்னும் திணித்தார். வாயை வழவழவென்று தேய்த்துவிட்டார்.

உள்ளே இரண்டு தட்டு.

முதல் குழாய் நின்றது.

பிறகு இரண்டாவது. நாலாவது. ஐந்து. ஆறு. ஏழு.

மழை நிற்கவில்லை.

சுவரில் கை வைத்தார். வயிறு போலப் புடைத்திருந்தது. மேலே பிள்ளைகளின் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. தங்கச்சியைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

எதிரே, அடைத்த குழாயின் ஈரக் கலவை அசைந்தது.

வட்டத்தின் நடுவில், உள்ளிருந்து, ஒரு பெருவிரல் அளவுக்கு எழும்பியது. ரேகையோடு.