பித்தளைப் பலகையும் ஒரு கப் காபியும்

செவ்வாய்க்கிழமை, காலை 7.10. செர்பியாவின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், ஆசிரியர் அறை மேசைமேல் ஒரு மடிக்கணினி செத்துக் கிடந்தது. விசைகளின் இடுக்குகளில் காபி காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு காலிக் கோப்பை. அதன் உட்சுவரெங்கும், அடியிலிருந்து விளிம்புவரை, பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன.

7.25. தலைமையாசிரியர் ராதிவோயே தீர்ப்பு வழங்கிவிட்டார். விசாரணை போன்ற சில்லறை வேலைகள் அவருக்குப் பிடிக்காது.

"கப்பு மிலுன்காவோடது. கொட்டினதும் அவதான். இன்னையோட வேலை காலி."

மிலுன்கா அந்தப் பள்ளியைப் பத்தொன்பது வருடமாகப் பெருக்கித் துடைப்பவள். ஓய்வூதியம் கைக்கு வர இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

செத்தது சாதாரண மடிக்கணினி அல்ல. உள்ளே பிரௌசர் ஒன்றுதான் உண்டு. இன்டர்நெட்தான் அதற்கு மூச்சு. விலை மலிவு. ஒக்னியென் என்ற விற்பனையாளன் மூன்று வாரத்துக்கு முன் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றே ராதிவோயே பெற்றோரை உட்காரவைத்து, இந்தக் கருவிக்குள் எதுவும் தங்காது, எல்லாம் மேகத்தில், அதாவது இன்டர்நெட்டில், இருக்கும் என்று நாற்பது நிமிடம் பேசினார். மேகம் என்ற சொல் வரும்போதெல்லாம் கூரையைக் காட்டினார். அறுபது கணினி வாங்குவது திட்டம். பணம் பெற்றோர் தருவது.

வாங்கலாமா, கூடாதா? சோதித்துச் சொல்லும் வேலை கணினி ஆசிரியை நெவெனாவுக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து மூன்று வாரம் பார்த்தாள். திங்கள் மாலை ஐந்து மணிக்கு அறிக்கையை எழுதி முடித்தாள். திறந்த கணினியை மூடக்கூட நேரமில்லாமல் குடல்வால் வலியில் ஆம்புலன்சில் போனாள். இப்போது அறுவை சிகிச்சை முடிந்து மயக்கத்தில் கிடந்தாள். செவ்வாய் மாலை ஐந்து மணிக்குப் பெற்றோர் கூடி முடிவெடுக்க வேண்டும்.

பெற்றோர் சங்கத் தலைவி யாஸ்னா. ஊர்க் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டரும் அவள்தான். மாலை 4.00 மணிக்குச் சீருடையோடு வந்தாள். வராந்தாவில் மிலுன்கா, தன் வேலைச் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையைப் பார்த்ததும் யாஸ்னாவுக்குக் காது சூடேறியது.

4.10.

"கப்பு உங்களோடதுதானே அக்கா?"

"என்னோடதுதான் இன்ஸ்பெக்டரம்மா. நேத்து மத்தியானமே குடிச்சு முடிச்சுட்டேன். தொட்டியில போட்டேன்."

"கழுவலையா?"

"இருபது வாத்தியாருங்க கப்பையும் நான்தான் கழுவுறேன். என்னோடது எப்பவும் கடைசி."

"குடிச்சதும் குறி பார்க்கக் கவிழ்த்து வச்சீங்களா?"

"கவிழ்க்காம இருப்பேனா? நெவெனா டீச்சர்தான் மண்டியைப் பார்த்துக் குறி சொன்னாங்க. திடீர்ப் பயணம் வருதாம் எனக்கு. கடைசியில ஆம்புலன்ஸ்ல போனது அவங்க."

4.20. யாஸ்னா விசைகளை விரலால் தேய்த்தாள். விரலில் கறை ஒட்டியது. நறநறப்பு எதுவும் இல்லை. ஒரு விசையைப் பெயர்த்து அடியிலும் பார்த்தாள். அங்கும் கறை மட்டுமே.

4.30. தலைமையாசிரியர் அறை. அலமாரிமேல் பளபளவென்று ஓர் இத்தாலிய காபி மெஷின். சுவரில் பித்தளைப் பலகை: 'நாட்டின் முதல் மேகப் பள்ளி. நிறுவியவர்: ராதிவோயே.' வாக்கெடுப்புக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பலகைக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒக்னியென் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"காபி குடிக்கிறீங்களா மேடம்? மெஷின் காபி. அடுப்புல கொதிக்கவிட்டு மண்டியோட ஊத்துற சமாச்சாரம் இந்த ரூமுக்குள்ள வராது."

"மத்த டீச்சர்ஸ் இதைக் குடிப்பாங்களா?"

"கிட்டவே விடமாட்டேன். நானும், நம்ம விருந்தாளியும்தான். நேத்து சாயந்திரம் ஒக்னியெனுக்கு ரெண்டு கப் போட்டுக் கொடுத்தேன்."

"நெவெனா அறிக்கை?"

"கம்ப்யூட்டரோட அழிஞ்சுபோச்சு. அந்த மிலுன்காவால வந்த வினை. நல்லவேளை, நேத்து சாயந்திரமே நான் படிச்சுட்டேன். உடனே வாங்கலாம்னு எழுதியிருந்தா."

"சார், கம்ப்யூட்டரோட எப்படி அழியும்..." என்று ஒக்னியென் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு."

5.00. கூட்டம். ராதிவோயே எழுந்து தொண்டையைச் செருமினார். யாஸ்னா அவரை உட்காரச் சொன்னாள். சொன்ன விதத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வீட்டுல எல்லாம் காபி எப்படி? தூளோட கொதிக்கும், தூளோட கப்புக்கு வரும். அதைக் கொட்டினா இடுக்குல எல்லாம் மண்டி இறங்கும். செத்த கம்ப்யூட்டர்ல ஒரு துளி மண்டி இல்லை. சரி, கப்பைப் பாருங்க. சுவரு முழுக்க மண்டி வழிஞ்சு காஞ்சிருக்கு. குடிச்சு முடிச்சு, கவிழ்த்து, குறி பார்த்த கப்பு. இதுல கொட்டுறதுக்கு என்ன இருந்தது? யாரோ தொட்டியில இருந்து எடுத்துப் பக்கத்துல வச்சிருக்காங்க. எந்தக் கப்புன்னு பார்த்தவருக்கு, அதுல என்ன ஒட்டியிருக்குன்னு பார்க்கத் தெரியலை. ஏன்னா, அவர் அந்தக் காபியைத் தொடுறதில்லை."

எல்லாத் தலைகளும் ஒக்னியென் பக்கமும் ராதிவோயே பக்கமும் மாறி மாறித் திரும்பின.

"மண்டியில்லாத மெஷின் காபி குடிக்கிறது இங்க ரெண்டே பேரு. ஒக்னியென் இந்தச் சாமானை விக்கிறவர். கம்ப்யூட்டரை உடைச்சாலும் அறிக்கை அழியாதுன்னு அவருக்குத் தெரியும். கொஞ்சம் முன்னாடி வாயத் தொறந்து சொல்லவும் பார்த்தார். அப்ப, அழியும்னு நம்பினது யாரு?"

யாஸ்னா தன் மகளின் போனை எடுத்தாள். மகள் ஏழாம் வகுப்பு. பிழை பார்க்கச் சொல்லி நெவெனா அறிக்கையை இன்டர்நெட்டில் வகுப்புக்கே திறந்துவிட்டிருந்தாள். யாஸ்னா படித்தாள்:

"எழுத, படிக்க, பாடம் பார்க்க இது போதும். எட்டு நொடியில் திறக்கிறது. இரண்டு முறை கீழே விழுந்தும் பிழைத்தது. இன்டர்நெட் போனால் பாதி வேலை நின்றுவிடும். ஆற்றுக்கு அக்கரைப் பிள்ளைகளுக்கு அது சிக்கல். ஆனால் பெட்டிதான் புதியது, மாடல் பழையது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அடுத்த ஜூனோடு நிற்கின்றன. பிறகு பள்ளித் தேர்வுத் தளம் இதை உள்ளே விடாது. கொஞ்சம் கூடக் கொடுத்தால் புதிய மாடல் கிடைக்கும், எட்டு வருடம் ஓடும். இந்த வகைக் கணினி வாங்கலாம். இந்த அறுபதை வாங்காதீர்கள்."

ராதிவோயேயின் முகம் பலகையின் நிறத்துக்கு வந்தது.

"அது எப்படி வெளியில வந்துச்சு? கம்ப்யூட்டர் முழுக்க நனைஞ்சு, விளக்கு அணையற வரைக்கும்..." என்றவர், பாதியில் நிறுத்தினார்.

"அணையற வரைக்கும் நின்னு பார்த்தீங்க," என்றாள் யாஸ்னா. "மேகம் மேகம்னு நாற்பது நிமிஷம் பேசினீங்களே சார். இந்த ஹால்ல அத்தனை பேருக்கும் புரிஞ்சுது. உங்களைத் தவிர. ஒரு பித்தளைத் தகட்டுல உங்க பேரு நிக்கணும்னு, பத்தொன்பது வருஷம் உங்க தரையைத் துடைச்சவங்களைத் தெருவுல நிறுத்தப் பார்த்தீங்க."

5.40. அந்த அறுபதும் வேண்டாம், புதிய மாடலுக்கு விலை கேட்பது என்று கைகள் உயர்ந்தன. ஒக்னியென் புதிய மாடலின் விலைத்தாளைத் தேடத் தொடங்கியிருந்தான். ராதிவோயே, "கை தவறி... ஒரு பதட்டத்துல..." என்று முனகினார். புகார்த் தாளை யாஸ்னா அவர் முன்னால் வைத்தாள்.

மிலுன்கா பையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேசைக்கு வந்து, ராதிவோயே கூட்டத்துக்குக் கொண்டுவந்து குடித்து வைத்த மெஷின் காபிக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்தாள். சற்றுப் பொறுத்து நிமிர்த்தி, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள்.

"உங்களுக்கு இனிமே என்னன்னு பார்த்துச் சொல்லலாம்னு நினைச்சேன் சார்," என்றாள். "இதுல ஒண்ணுமே இல்லை."

கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.