நாற்பத்திரண்டாம் குழி

2014 ஜூலை, பள்ளி விடுமுறை. கல்யாணி தன் ஐந்து வயது மகள் விஷாலினியையும் அழைத்துக்கொண்டு, மனுகா புறநகரில் பேராசிரியர் ஹூஷங்கின் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். ஈரானின் மேற்கு மலைகளில் முப்பது ஆண்டுகள் அகழாய்வு செய்தவர் அவர். அவருடைய குறிப்பேடுகளை ஸ்கேன் செய்வது இவள் வேலை.

அன்று கைக்கு வந்தது புதைகுழிப் பதிவேடு. எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இறந்த குழந்தைகளை வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால் மடக்கி, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து. மொத்தம் நாற்பத்தொரு பதிவுகள். நாற்பத்திரண்டில் எண் மட்டும் இருந்தது.

"இது விட்டுப்போச்சா சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"குழி இருந்தது. பெருக்கித் தயாராக வைத்த குழி. உள்ளே யாருமில்லை," என்றார் அவர். "எலும்பைப் பார்க்காமல் எண் கொடுக்கக் கூடாது. கடைசி நாள் அவசரத்தில் கொடுத்துவிட்டேன்."

"எண்ணை அடிச்சிட்டா போச்சு."

"மூன்று முறை அடித்தேன்."

தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்த விஷாலினியின் பேச்சுக்குரல் நின்றிருந்தது. கல்யாணி போய்ப் பார்த்தாள்.

குழந்தை கம்பளத்தில் படுத்திருந்தாள். வலப்பக்கமாக. முழங்கால் மடங்கி.

அறையெங்கும் ஈரமண் வாசனை.

"எந்திரி கண்ணு, வீட்டுக்குப் போலாம்."

"நோ மம்மி. ஷீ இஸ் மேக்கிங் ரூம் ஃபார் மீ."

"யாருடி?"

கல்யாணி மகளை வாரித் தூக்கினாள். மடங்கிய கால்கள் மடங்கியபடியே இருந்தன.

"நானும் என் மகளைத் தூக்கிக்கொண்டுதான் ஓடி வந்தேன்," என்றார் பேராசிரியர், நாற்காலியை விட்டு எழாமலே. "இத்தனை கடல் தாண்டி."

அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் குடியிருந்தார்.

மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். விஷாலினி விழித்திருந்தால் ஓடி விளையாடினாள். தூங்கினால் மடங்கினாள். நிமிர்த்திப் படுக்கவைத்தால் மறுபடி அதே பக்கம், கன்னத்துக்குக் கீழே அதே கை.

"குழந்தைங்க அப்படித்தான் தூங்கும். நீ தூங்கறதைப் படம் எடுத்துக் காட்டட்டா?" என்று சிரித்தான் கணவன் சரத்.

நான்காம் நாள் மதியம். மகள் தூங்கும் கட்டிலருகே போன சரத் சட்டென்று நின்றான். மண்டியிட்டுப் பலகைத் தரையில் காது வைத்தான்.

"கல்யாணி," என்றான் மெல்ல. "கீழ யாரோ பேசறாங்க."

அவளும் குனிந்தாள். ஒரு பெண் குரல். தெரியாத மொழி. குழந்தைக்குக் கதை சொல்லும் நிதானம். சொல்லிக்கொண்டே வந்த குரல் ஓரிடத்தில் நிறுத்திக் காத்திருந்தது.

கட்டிலில் கண்மூடிக் கிடந்த விஷாலினி "ம்" கொட்டினாள்.

கதை தொடர்ந்தது.