மாரியம்மாளுக்குப் பன்னீர் சோடா

‘டப்’ என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் திரையில் இருந்த அம்மாவின் முகம் அணைந்துபோனது.

மலர்க்கொடி கூப்பிய கைகளைப் பிரிக்காமல் நின்றாள். கவிழ்ந்த டம்ளரிலிருந்து பன்னீர் சோடா வழிந்து, படுக்கையாக வைத்திருந்த சிபியுவின் ஓட்டைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே சிதம்பரம் கீழவீதியில் மார்கழித் தூறல்... ஸ்டுடியோவுக்குள் ரோஜாப்பூ வாசனை.

போட்டோ பேப்பர் வாங்கப் போயிருந்த ஸ்டுடியோக்காரன் கொளஞ்சியப்பன் அப்போதுதான் படியேறினான். கண்ணும் கண்ணும் கலந்தது என்று பெரிதாகச் சொல்வார்கள்... உள்ளே வந்ததும் அவன் பார்த்தது அவள் கண்களை அல்ல, மேசையைத்தான்.

"கம்ப்யூட்டர் மேலயா வச்சிக் குடிப்பாங்க? அறிவு வேணாம்?"

பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான். சிபியுவைத் தூக்கிக் கவிழ்த்தான். அதிலிருந்து சோடா சொட்டியது.

"நான் குடிக்கல சார்... அம்மாவுக்கு வச்சேன்."

அவன் கை அப்படியே நின்றது. இப்போதுதான் அவள் கண்களைச் சரியாகப் பார்த்தான். அழக்கூட மறந்துபோன கண்கள்.

கடலூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள் மலர்க்கொடி. சென்ற டிசம்பரில் வந்த சுனாமி அலை, அவள் அம்மா மாரியம்மாளைக் கொண்டுபோனது. வீட்டையும், வீட்டிலிருந்த அத்தனை படங்களையும் சேர்த்தே கொண்டுபோனது. இன்று முதல் வருச நாள். செத்தவர்களுக்குப் பிடித்ததை அவர்கள் படத்துக்கு முன்னால் வைத்துப் படைப்பது வழக்கம். படமே இல்லாத வீட்டில் எங்கே வைத்துப் படைப்பது? சிதம்பரத்தில் நடந்த உறவுக் கல்யாணத்தில் அம்மாவை யாராவது எடுத்திருப்பார்கள் என்று நேற்றுதான் சித்தி சொன்னாள். அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவைத் தேடி மலர்க்கொடி காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

கொளஞ்சியப்பன் பொறுமையாகத் தேடித் திரையில் காட்டினான். பந்தியில் உட்கார்ந்திருக்கிற அம்மா... ஆல்பத்தில் சேராத படம். வேறெங்கும் பிரதி கிடையாது. முகத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டுத்தான் பேப்பர் வாங்கப் போனான். அம்மா வந்துவிட்டாள் என்றே தோன்றியது அவளுக்கு. பக்கத்துக் கடையில் அம்மாவுக்குப் பிடித்த பன்னீர் சோடாவை வாங்கி, டம்ளரில் ஊற்றி, அந்த முகத்துக்கு நேராகவே வைத்தாள். குனிந்து கும்பிட்டபோது துப்பட்டா டம்ளரை இழுத்துவிட்டது.

இரண்டாவது முறையும் அம்மா தண்ணீரில்தான் போனாள். இந்த முறை மகள் கையாலேயே.

சோடாவில் சர்க்கரை இருக்கிறது, துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும், அதுவரை யாரும் சுவிட்ச் போடக் கூடாது என்று கொளஞ்சியப்பன் சொன்னான். அடுத்த வாரம் வரச் சொன்னான். குரலில் கோபம் இல்லை. பஸ் நிலையம் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவள் அழுதாள். மழைக்குள் நின்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த வாரம் போனபோது, படங்கள் இருந்த டிஸ்கைச் சரிபார்க்க மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னான். அதற்கடுத்த வாரமும் அதையேதான் சொன்னான். ஆனாலும் ஒவ்வொரு லீவு நாளும் அவள் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள். படத்துக்காக மட்டும்தானா... தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீ வர்றேன்னாலே கம்ப்யூட்டருக்கு ஜொரம் வந்துடுது," என்பான்.

"அதுக்கும் ஒரு கொட புடிங்க."

அம்மா போன பிறகு அவள் சிரித்தது அங்கே மட்டும்தான்.

அதுவும் நிலைக்கவில்லை. ஒரு நாள் கீரப்பாளையத்திலிருந்து அவன் அம்மா விருத்தாம்பாள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். மலர்க்கொடியை ஏற இறங்கப் பார்த்தாள். எந்த ஊர், என்ன ஜனம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"கம்ப்யூட்டர கெடுத்துட்டுப் போனவ இவதானா? இன்னும் எத கெடுக்க வந்துகிட்டிருக்கா?"

மலர்க்கொடி அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

மறு வருச நாள் வந்தது. குப்பத்து ஜனமெல்லாம் கடலில் பால் ஊற்றப் போயிருந்தார்கள். வெறும் சுவருக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு மலர்க்கொடி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகம் இப்போதெல்லாம் சரியாக நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வாசலில் நிழல் தட்டியது. கையில் பன்னீர் சோடா பாட்டிலோடு, தொப்பலாக நனைந்து கொளஞ்சியப்பன் நின்றான்.

"கெடுக்கறதுக்கு இங்க கம்ப்யூட்டர் எதுவும் இல்லைங்க," என்றாள்.

"நீ கெடுக்கல மலரு. நான்தான் கெடுத்தேன்." நிலைப்படியைத் தாண்டாமலே பேசினான். "அன்னிக்கி நீ அழுதுகிட்டே பஸ்ல போன. விடியறதுக்குள்ள உங்கம்மாவ உன் கையில குடுத்துடணும்னு ஒரு வெறி. ஈரம் காயறதுக்கு முன்னாடியே சுவிட்ச் போட்டுட்டேன். டிஸ்க் எரிஞ்சி போச்சி. சொன்னா நீ வரமாட்டியோன்னு பயந்து, மெட்ராஸுக்கு அனுப்பிருக்கேன்னு புளுகுனேன். எங்கம்மா பேசுனப்பவும் வாய தெறக்கல."

"ரெண்டாவது தடவ எங்கம்மாவ கொன்னது நான்தான்னு... ஒரு வருசமா நான் தூங்கல."

"அதான் வந்தேன். வீட்லயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். எங்கம்மா என்கிட்ட பேசறதில்ல. எனக்கு நீ வேணும் மலரு. வேணாம்னாலும் சரி... பழிய நான் எடுத்துகிட்டுப் போறேன்."

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவன் மேலேயே விழுந்து அழ வேண்டும் போலும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அவள் கேட்டாள்.

"அந்தப் படத்துல எங்கம்மா எப்டி இருந்திச்சி?"

"அரக்குப் பொடவ. சோத்துக் கை எலையில இருந்திச்சி. கேமராவ பாத்ததும் எடது கையால வாய மூடிகிட்டாங்க. கண்ணு மட்டுந்தான் சிரிச்சிது... அப்டியே உன் கண்ணு."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னான். அவள் கண்களை மூடிக்கொண்டாள். அரக்குப் புடவையில், வாயை மூடிக்கொண்டு, அம்மா வந்தாள். அம்மாவின் படம் இனி உலகத்தில் இவனிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை அழித்தவனிடமே.

எழுந்துபோய் இரண்டு டம்ளர் எடுத்து வந்தாள். பாட்டிலை வாங்கி ஊற்றினாள். ஒன்றை விளக்குக்கு முன்னால், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாள். மற்றதை அவனிடம் நீட்டினாள்.

"உள்ள வந்து உக்காருங்க... சிந்தாம குடிங்க."