ஷெட்டுக்குள் வாய் திறக்காத கியர்

கொரட்டூர் அய்யாசாமியின் கறுப்புக் கார் குமணன்சாவடி சந்திப்பில் நின்று கிளம்பியபோதே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. முதல் கியர் விழுந்த இடத்தில், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியது போல 'கறகற'வென்று ஒரு சத்தம். டீக்கடையில் நின்றவர்கள் கையில் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணாந்தபா," என்றார் மெக்கானிக் உஸ்மான் கனி, தலையை நிமிர்த்தாமலே.

ஒர்க்‌ஷாப்பின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பார்த்தசாரதி பேப்பரை மடித்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, வயது நாற்பத்து நாலு. அவருடைய ஸ்கூட்டர் ஐந்து மாதமாக அந்த ஷெட்டின் மூலையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. அதைக் கேட்க தினமும் வந்தவர், வந்த இடத்தில் உஸ்மான் கனிக்குத் துணையாகத் துப்பறியத் தொடங்கிவிட்டார். ஸ்கூட்டர் ரெடியாகிவிட்டால் அப்புறம் எங்கே போய் உட்காருவது என்ற பயம் இப்போதெல்லாம் அவருக்கே உண்டு.

கார் ஷெட்டு வாசலில் வந்து நின்றதும் பின் சீட்டிலிருந்து அய்யாசாமி இறங்கினார். சாக்கு மண்டி முதலாளி. சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டை. கொரட்டூர் பகுத்தறிவாளர் மன்றத்தின் செயலாளர். 'பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று பொருள்!' என்று போன மாதம்தான் மேடையில் முழங்கியிருந்தார்.

"பாய், இதான் கடைசி. ரெண்டு தடவை கொண்டாந்தேன். உங்க ஷெட்டுல சத்தமே இல்லை, வீட்டுக்குப் போனா கத்துது. இன்னிக்கும் உங்க கையில ஒழுங்கா ஓடுச்சுன்னா, கோளாறு வண்டியில இல்ல, இவன் காலுல. நாளையிலேர்ந்து வேற டிரைவர். ஆள் பேசிட்டேன். காரணகாரியத்தோடதான் சொல்றேன்."

டிரைவர் வேம்புலி தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். "பதினோரு வருசமா ஓட்டிக்கினு கீறேன் மொதலாளி. கிளட்ச்ச அடி வரிக்கும் மிதிச்சுத்தான் கியர் போடறேன். எம் மூணு பொண்ணு மேல ஆணையா."

"ஆணையெல்லாம் மூடநம்பிக்கை," என்றார் அய்யாசாமி.

உஸ்மான் கனி வேம்புலியிடம் வந்தார். "நிக்கறப்ப கத்துதா, ஓடறப்ப கத்துதா?"

"நிக்கறப்பதான் பாய். ஃபஸ்ட்டும் ரிவர்ஸும். ஓட்டத்துல மாத்தறப்ப அவ்ளோ இல்ல."

"எப்பலேருந்து?"

"மாசியிலேருந்து. திருமழிசையாண்ட அந்த லாரி எதுக்க வந்து, ஒரு சாண்ல தப்பிச்சோமே, அதுக்கப்பறம்..."

"அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு?" என்று அய்யாசாமி வெடுக்கென்று சொன்னார்.

உஸ்மான் கனியின் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. கிரீஸ் கால் வண்டிக்குள் போவதற்கு முன் காலடியில் விரித்த மிதியடிகள், அவர் பேச்சில் 'மேட்டு', வெளியே வந்துவிட வேண்டும். அந்த உத்தியோகத்தைப் பார்த்தசாரதி தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். இன்றும் இழுத்தார். "அப்பாடா! டிரைவர் பக்கத்து மிதியடி தண்ணியில ஊறிக் கிடக்கு போல. என்ன கனம்!" என்று அதைச் சுவரில் சாய்த்தார். தேங்காய்நார்த் தூசியெல்லாம் வெள்ளை வேட்டியில்.

உஸ்மான் கனி வண்டியில் ஏறினார். கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். தயிரில் கரண்டி இறங்குவது போல இறங்கியது. ரிவர்ஸும் அப்படியே. சந்திப்பு வரை போய்த் திரும்பியும் வண்டி வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் அய்யாசாமி. அந்த வெற்றியில் ஏனோ அவர் முகத்தில் சந்தோஷமில்லை. வேம்புலி தரையைப் பார்த்தான்.

பார்த்தசாரதி உஸ்மான் கனியின் காதருகே குனிந்தார். "பாய், என் யூகம் வேற. யாரோ கியர் ஆயில்ல மணலைப் போட்டிருக்காங்க. கொஞ்சம் தொட்டு நாக்குல வெச்சுக்கூடப் பாத்துட்டேன்."

"மணல் இருந்திச்சா?"

"இல்லை."

"அப்ப தோசைக்கு ஊத்திக்கலாம்."

அய்யாசாமி பெருமூச்சு விட்டார். "சரி வேம்புலி, கெளம்பு. வீட்டுல சாவியைக் குடுத்துடு. ஏஜெண்டு சார், மிதியடியை மறக்காம போட்டுடுங்க."

உஸ்மான் கனி வண்டியின் பின் சீட்டைப் பார்த்தார். கிழிந்து, உள்ளிருந்த நார் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வானத்தைப் பார்த்தார்.

"ஏஜெண்டு சார், மள பேஞ்சு எத்தினி நாளாச்சு?"

"பொங்கலுக்கு அப்புறம் ஒரு சொட்டு இல்லையே பாய்."

"அப்ப அந்த மேட்டு எந்தத் தண்ணியக் குடிச்சிச்சு?"

பார்த்தசாரதியின் வாய் திறந்தது. மூன்று முறை அதைத் தூக்கியவர் அவர். மூன்று முறையும் முனகிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டவரும் அவர்தான்.

"அல்லாரும் இப்டி வாங்க," என்றார் உஸ்மான் கனி. "வேம்புலி, மேட்டு இல்லாம நீ எடு."

வேம்புலி ஏறினான். முதல் கியர், ரிவர்ஸ், மறுபடி முதல் கியர். சத்தமில்லை. அய்யாசாமியின் புருவம் ஏறியது. அடுத்து மிதியடியைப் பழைய இடத்தில் போடச் சொல்லி, உஸ்மான் கனியே ஏறினார்.

கறகற.

"இப்ப எங்காலும் கெட்டுப்போச்சா மொதலாளி?"

இறங்கி, கையைத் துடைத்தபடி சொன்னார்: "இன்ஜின் எப்பவும் சுத்திக்கினே கீது. கிளட்ச்ச மிதிச்சா அது கியர் பெட்டிய வுட்டு வெலகணும். முழுசா வெலகினா சத்தமில்லாம பல்லோட பல்லு சேரும். ஒரு விரக்கடை கொறைஞ்சாலும், சுத்தற பல்லுல போய் மோதும். ஓடறப்ப ஏதோ ஒரு கியர் மட்டும் கத்தினா நான் பெட்டியப் பிரிப்பேன். நின்ன எடத்துல ஃபஸ்ட்டு, ரிவர்ஸு ரெண்டும் கத்தினா கிளட்ச்சு. ஆனா ஷெட்டுல கிளட்ச்சு நல்லாக் கீது. ரோட்டுல கீறது, ஷெட்டுல இல்லாதது இன்னா? நம்ப ஏஜெண்டு சார் கழட்டி வெக்கிற மேட்டு. வேம்புலி அடி வரிக்கும்தான் மிதிக்கிறான். அடிதான் மேல வந்துடிச்சு."

மிதியடியைக் குப்புறப் போட்டார். அடியில் கோணித்துணி வைத்துத் தைத்திருந்தது. பிளேடால் நாலு தையலை வெட்டியதும், பல மடிப்பாகச் சுற்றிய மஞ்சள் துணி ஒன்று நழுவி விழுந்தது. பிரித்தால், கட்டைவிரல் தடிமனில் ஒரு குதிரை லாடம்.

முதலில் வாயைத் திறந்தவன் வேம்புலி.

"மொதலாளி, இது எங்க ஊட்டுக்காரி வேலையாத்தான் இருக்கும். அந்த லாரிக்கப்பறம் முனியம்மாவுக்குத் தூக்கமே இல்ல. காத்து கருப்பு அண்டாதுன்னு வெச்சிருப்பா. மூடநம்பிக்கைதான். மன்னிச்சுடுங்க."

'வழக்கு முடிந்தது' என்று சொல்லப் பார்த்தசாரதி வாயெடுத்தார். உஸ்மான் கனி பார்த்த பார்வையில் நாக்கு உள்ளே போய்விட்டது.

அய்யாசாமி ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும். வண்டி சரியாகிவிட்டது. பழி, நெமிலிச்சேரியில் அடுப்பெரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தலையில். மன்றத்துக்கும் மானம் போகாது. அவர் வெட்டிய தையலையே பார்த்துக்கொண்டு நின்றார். கோணி ஊசியால் போட்ட தையல். பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது.

"முனியம்மாவை ஏன்யா இழுக்கற?" என்றார் கடைசியில். "அவ தைச்சிருந்தா தையல் நேரா இருக்கும். நான்தான் வெச்சேன்."

வேம்புலி நிமிர்ந்தான்.

"பூந்தமல்லி ஜட்கா வண்டிக்காரர் ஹுமாயூன்கிட்ட வாங்கினேன். மன்றத்துல யாருக்கும் சொல்லிடாதீங்க."

பார்த்தசாரதியால் அடக்க முடியவில்லை. "ஒரே ஒரு சந்தேகம் சார். நீங்க உட்கார்றது பின் சீட்டுல. உங்க காலுக்குக் கீழ வைக்காம, டிரைவர் பக்கம் ஏன்?"

"ஏன்னா லாரி வந்தா மொதல்ல அவன் நெஞ்சுலதானேய்யா இடிக்கும்?" மேடைக்குரல் எங்கோ போயிருந்தது. "மூணு பொண்ணு இருக்குதேய்யா அவனுக்கு."

வேம்புலி துண்டால் முகத்தைத் துடைத்தான், வெயில் அப்படி.

பார்த்தசாரதி உஸ்மான் கனியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "உமக்கு முன்னமே தெரியுமா?"

"மூணு தபாவும் கிழிஞ்ச சீட்டப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, மேட்டப் போட்டியான்னுதான கேட்டாரு."

"அப்ப ஏன் சொல்லலை?"

"வண்டியத்தான் என்னாண்ட வுட்டாரு. அவரையா வுட்டாரு?"

லாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உஸ்மான் கனி திரும்பினார். "இத இன்னா பண்றது மொதலாளி? குப்பையில போட்டுடட்டா?"

அய்யாசாமி சாலையில் இரு பக்கமும் பார்த்தார். மன்றத்தார் யாரும் தென்படவில்லை. "குப்பையில எதுக்கு, நல்ல இரும்பு. முன் சீட்டுக்கு அடியில தள்ளிடுங்க. அங்க பெடல் இல்லையே. காரணகாரியத்தோடதான் சொல்றேன்."

"நாளைக்கு வர்ற டிரைவரு?" என்று கேட்டான் வேம்புலி, யாரையும் பார்க்காமல்.

"அவன் எதுக்கு? வண்டிய எடு."

"ஏறு நைனா," என்றான் வேம்புலி. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, பெற்ற அப்பனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டான்.

கார் சந்திப்பில் நின்று, கிளம்பி, கொரட்டூர்ப் பக்கம் திரும்பியது. டீக்கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.