தகட்டில் மிஞ்சியது

சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் உறைந்து நிற்காத ஏழாவது நாள் அது.

அதற்கு முன்பெல்லாம், நூற்றெண்பது பேர் சாப்பிடும் அந்தக் கூடத்தில் எந்த நேரமும் நாலைந்து பேர் சிலையாக நிற்பார்கள். வாய்க்குப் போகிற வழியிலேயே கை நின்றுவிடும். சாம்பார் முழங்கை வரை வழியும். பின்னால் வருபவன் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போவான். நாற்பது நொடி கழித்து ஆள் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல மென்று முடிப்பான்.

அதை நிறுத்திக் காட்டியவன் பேச்சிமுத்து. சங்கரன்கோவில்காரன், வயது இருபத்தைந்து. ஆனாலும் அவன் உட்கார்ந்திருந்த மேசையில் வேறு ஆள் இல்லை.

சவேரியான் வந்து எதிரில் தட்டை வைத்தான். வைத்தான் என்று சொல்லக் கூடாது, போட்டான்.

"நாளைக்கு விசாரணை. தெரியும்லா?"

"தெரியும்ணே."

"எங்கண்ணன் சாகையில நீ கட்டுப்பாட்டு அறையிலதான் இருந்த. ஒம்பது நாளா வாயத் தொறக்க மாட்டேங்க. வாயில என்னல வச்சிருக்க, கொழுக்கட்டையா?"

"அதிகாரி முன்னால சொல்லுதேன். இங்க வச்சு வேண்டாம்."

"சொல்லாம மட்டும் இரு," என்றான் சவேரியான். தட்டைத் தொடாமலே எழுந்து போனான். சுற்றியிருந்த மேசைகளில் ஒரு தலைகூட நிமிரவில்லை. எல்லாக் காதுகளும் இங்கேதான் இருந்தன.

கடலுக்கு அடியில் நானூறு மீட்டர் ஆழத்தில் இருந்தது அந்த நிலையம். தரையைத் தோண்டி உலோகம் எடுக்கும் வேலை. ஒரே ஆள் பன்னிரண்டு தோண்டும் பொறிகளை மனத்தாலேயே ஓட்ட வேண்டும். வெறும் மூளை அதற்குத் தாங்காது. அதனால் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு நினைவுத்தகடு பதிப்பார்கள். ஒப்பந்தம் முடிகிற வரை ஆளுடைய நினைவெல்லாம் தாள் தாளாக அந்தத் தகட்டில்தான் இருக்கும். தகட்டிலோ இடம் அளவானது. இடம் முட்டும்போது, உள்ளே ஓடித் தகட்டை இயக்கும் கருநிரல் என்ற மென்பொருள், நெடுநாள் தொடாத தாள்களைத் தேடி எடுத்துக் கரைக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தை மீட்டுத் தரும். கருநிரலின் அந்தப் பகுதிக்கு நிறுவனம் வைத்த பெயர் தாள்மீட்பி. ஆட்கள் வைத்த பெயர் வாரியல், அதாவது துடைப்பம்.

அனுப்பி முடிகிற வரை ஆள் அசைய முடியாது. அதுதான் உறைதல். தகடு முட்டப் போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரிக்கை விளக்கு எரியும். சவேரியானின் அண்ணன் லூர்து கடலுக்குள் இறங்கும் நீர்வாசலுக்குள், தண்ணீரை அடைக்கும் நெம்புகோலைப் பிடித்தபடி உறைந்தான். நாற்பது நொடியில் தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது.

மறுநாளே கரையிலிருந்து உத்தரவு வந்தது: இனி ஒருவரும் உறையக் கூடாது, இரண்டு நாள் அவகாசம். நிலையத்தில் கருநிரல் தெரிந்த ஒரே ஆள் பேச்சிமுத்து. இரண்டு நாளும் தூங்காமல் யோசித்துப் பிடித்த யோசனை எளிமையானது. கரைக்கு அனுப்புவதால்தானே தாமதம்? ஏற்கனவே வேறு எங்காவது பிரதி இருக்கிற தாளை எதற்கு அனுப்ப வேண்டும்? அப்படியே தூக்கிப் போட்டுவிடலாமே. கோப்பிலோ, கடிதத்திலோ, நிலையத்தில் இன்னொருவர் தகட்டிலோ பிரதி இருந்தால், அந்தத் தாளை முதலில் எடு என்று விதி எழுதினான். ஒன்றையே இருவர் வைத்திருந்தால், சொன்னவனிடம் எடு, கேட்டவனிடம் விடு. கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது. கரையிலிருந்து பாராட்டு வந்தது.

சாப்பாடு முடிந்து தன் அறைக்கு நடந்தவனை மேற்பார்வையாளர் தங்கதுரை வழியில் மறித்தார். மதுரைக்காரர், கையில் எப்போதும் ஏலக்காய் டீ.

"என்ன தம்பி, நாளைக்கு மைக்கு பிடிக்கப் போறியாம்ல?"

"கேட்டா சொல்லணும்ல சார்."

"என்ன சொல்லுவ?"

பேச்சிமுத்து விலகிப் போகப் பார்த்தான். தங்கதுரை கையை நீட்டித் தடுத்தார்.

"நீ ஒண்ணும் பாக்கல. அவனே எச்சரிக்கை விளக்க அணைச்சுட்டு உள்ள போனான். அறிக்கையே அப்படித்தான் எழுதிக் குடுத்துருக்கேன். மூணு நாளு கண்ண மூடி மூடி அதையே நெனச்சு தகட்டுல ஏத்தியும் வச்சுட்டேன். சான்றுக்கருவி என் தலையப் படிச்சாலும் அதத்தான் காட்டும்." டீயை உறிஞ்சினார். "நீ வேற மாதிரி பேசுனேன்னு வையி, உன் தகட்டத் தொடைக்கிற சாவி என் மேசையிலதான் கெடக்கு. சின்னப் பிள்ளையில பெத்த ஆத்தாள எப்படிக் கூப்பிட்டேங்கறதுகூட ஞாபகம் இருக்காது."

பேச்சிமுத்து அறைக்குள் வந்து கதவைத் தாழிட்டான். பயம் வந்தால் அவனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஊரை விட்டு வந்த நாள் முதல் சாயங்காலம் தவறாமல் அக்கா முப்பிடாதிக்குக் குரலெழுத்தில் கடிதம் போடுவான். இவன் பேசப் பேச எழுத்தாகி அங்கே போய்ச் சேரும். மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்து அவள் வாசிப்பாள். தின்றது, தூங்கியது, கனவில் வந்தது என்று ஒன்று விடாமல் சொல்லுவான்.

அன்று லூர்து செத்ததைச் சொன்னான். தங்கதுரை அழுத்திய பொத்தானின் நிறம், எச்சரிக்கை விளக்கு அணைந்த நேரம், "சும்மா நடிக்கிறான், உள்ள அனுப்பு" என்று அவர் சொன்ன வார்த்தை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லூர்துவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது, எல்லாவற்றையும். என்னைத் துடைத்தாலும் உன்னிடம் இருக்கட்டும் என்று முடித்தான்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்ல. நீ தைரியமா போ."

மனசு லேசாயிற்று. அவ்வளவு லேசாக அவன் பல நாளாகத் தூங்கியதில்லை.

காலையில் கப்பலிலிருந்து இறங்கி வந்தார் விசாரணை அதிகாரி சரளா. செத்தவனுக்கு உறவு என்பதால் சவேரியானும், அடுத்த சாட்சியாகத் தங்கதுரையும் அறையில் இருந்தார்கள். சான்றுக்கருவியின் கம்பியைப் பேச்சிமுத்துவின் காதுக்குப் பின்னால் ஒட்டினார்கள். எதிர்ச்சுவர்த் திரை விழித்தது. முந்தின நாள், அதற்கு முந்தின நாள் என்று ஓடி, லூர்து செத்த மணிக்கு வந்ததும் வெள்ளையாகிவிட்டது.

"அந்த இடத்துல உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே," என்றார் சரளா.

பேச்சிமுத்து யோசித்துப் பார்த்தான். கட்டுப்பாட்டு அறைக்குப் போனது தெரிந்தது. அங்கிருந்து வெளியே வந்தது தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"வித்துட்டியால அவன்ட்ட?" சவேரியான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். காவலர் இருவர் பிடித்து உட்கார வைத்தார்கள்.

தங்கதுரை வாய்விட்டே சிரித்தார். "நான் தொடக்கூட இல்லங்க. வேணும்னா சோதிச்சுப் பாருங்க."

பேச்சிமுத்து வாரியலின் பதிவேட்டைத் திரையில் திறந்தான். ஒரே ஒரு வரி இருந்தது. பிரதி உண்டு. இடம், சங்கரன்கோவில், முப்பிடாதி. தாள் மீட்கப்பட்டது.

சொன்னது வேறு, கண்டது வேறு. அதைப் பிரித்துப் பார்க்க வாரியலுக்குக் கண் இல்லை. அந்தக் கண்ணை வைக்காமல் விட்டவன் அவன்தான்.

"எங்கக்காட்ட இருக்கு மேடம். எழுத்தா இருக்கு. ஒரு எழுத்து மாறாது."

சரளா அந்தக் கடிதத்தை வரவழைத்து இரண்டு முறை வாசித்தார். அவனிடமும் நீட்டினார். யாரோ முகம் தெரியாத ஆள் எழுதியது போல அவன் அதை வாசித்தான். கடைசி வரியில்தான் அழுகை வந்தது, அதுவும் அந்த ஆளுக்காக.

"இது நீங்க சொன்னதா இருக்கலாம். இப்ப அத நடந்ததுன்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா?"

அவன் தலையை ஆட்டினான். முடியாது.

"அப்ப ஏத்துக்க முடியாது. அடுத்து தங்கதுரை."

தங்கதுரை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கம்பியை ஒட்டினார்கள். அதே மணிக்கு வந்ததும் திரையில் ஒரு விரல் தெரிந்தது. ஏலக்காய் டீயும் ஒரு ஓரத்தில் தெரிந்தது. விரல் பொத்தானை அழுத்தியது, எச்சரிக்கை விளக்கு அணைந்தது. "சும்மா நடிக்கிறான், உள்ள அனுப்பு" என்றது அவருடைய குரலே.

சரளா திரையை அங்கேயே நிறுத்தினார்.

"இது இல்ல," என்றார் தங்கதுரை. "இது இல்லங்க. நான் எழுதிக் குடுத்தேனே."

"என்ன எழுதிக் குடுத்தீங்க? சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மூன்று நாள் உருப்போட்டு ஏற்றிய பொய்க்குக் கோப்பில் பிரதி இருந்தது. வாரியல் அதைத் தள்ளிவிட்டது. ஒருவரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்த ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. நிலையத்திலேயே மிகப் பத்திரமாக இருந்த தாள் அது.

மதியத்துக்குள் அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

நீர்வாசலுக்குப் போகும் நடைவழியில் பேச்சிமுத்து தனியாக நின்றிருந்தான். சவேரியான் வந்து பக்கத்தில் நின்றான். அடிக்க வந்த முகமாக இல்லை.

"ஏல பேச்சி, ஒண்ணு கேக்கேன்."

"கேளுண்ணே."

"பத்து நாளா எங்கண்ணனப் பத்தியே எல்லார்ட்டயும் பேசிட்டு இருந்தேன். கப்பல்காரன்ட்ட, சமையக்காரன்ட்ட, ஒருத்தர் விடல. இப்ப அவன் மூஞ்சி எனக்கு வர மாட்டேங்குது. அண்ணன்னு ஒருத்தன் இருந்தாங்கறது மட்டும் தெரியுது. ஒன் தலையில அவனப் பத்தி மிச்சம் எதுவும் கெடந்தா சொல்லு. நல்லதோ கெட்டதோ."

பேச்சிமுத்து உள்ளே தேடினான். லூர்து பாடியது, சீட்டு ஆடியது, சண்டை போட்டது எல்லாமே என்றைக்கோ அக்காவுக்கு எழுதப்பட்டு, போய்விட்டிருந்தன. ஒரு தாள் மட்டும் கிடந்தது. அக்காவிடம்கூடச் சொல்லாதது.

லூர்து சாவதற்கு மூன்று நாள் முன்பு, ஒரு சோதனைக்காக, யாருக்கும் தெரியாமல் அவன் தகட்டிலிருந்து இருநூறு தாள் இடத்தை இவன் எடுத்திருந்தான். மறுநாளே லூர்து வந்து, "தல அடிக்கடி நிக்குடே, கொஞ்சம் எடம் ஒதுக்கித் தா" என்று கேட்டான். "ஒனக்கு மட்டும் என்ன தனியா, வரிசையில வா" என்று இவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அனுப்பினான். எடுத்ததைத் திருப்பி வைக்க மறந்தும் போனான்.

சொல்லாவிட்டால் அது ஆயுசுக்கும் இருக்கும். சொன்னால் போய்விடும். தூங்கிவிடலாம். சவேரியானின் முகத்தைப் பார்த்தான். நல்லதோ கெட்டதோ என்று அவன்தானே கேட்டான்.

சொன்னான். சீராக, ஒரு வார்த்தை குறைக்காமல், கடைசி வரை சொன்னான். காலையிலிருந்து விசாரணைக் காட்சிகள் ஏறி ஏறித் தகடு நிறைந்திருந்தது. வாரியலுக்கு ஒரு இமைப்பு போதும்.

அடுத்த நொடி அவன் முதுகு இரும்புச் சுவரில் மோதியது. வாயில் ரத்தம் கரித்தது. சவேரியானின் முட்டி இன்னும் மடங்கியே இருந்தது.

"என்னத்துக்குண்ணே அடிக்கிய?" என்றான் பேச்சிமுத்து. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். "நான் என்ன பண்ணுனேன்?"

சவேரியான் பதில் சொல்ல வாயெடுத்தான். வார்த்தை உதடு வரை வந்தது. அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது, சொன்னால் தன்னிடமிருந்தும் அது போய்விடும் என்று. பல்லைக் கடித்து அதை உள்ளேயே விழுங்கினான். இனி அவன் அதை ஒருவரிடமும் சொல்லப்போவதில்லை.