மெயில் வந்துச்சா?

லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியின் ஜி.எம். அன்று காலை நாலாவது மாடியிலிருந்து கீழே வந்தார்.

லிஃப்ட்டில் அல்ல... ஜன்னல் வழியாக!

கட்டடத்தின் பின்பக்கம். ஜெனரேட்டர் ஷெட். கால் உடைந்த நாற்காலிகள், துருப்பிடித்த கம்பிச் சுருள்கள். யாரும் எட்டிப் பார்க்காத இடம். பத்தரை மணிவாக்கில் அவசரத்துக்கு ஒதுங்கப் போன வாட்ச்மேன்தான் முதலில் பார்த்தார்.

"ஐயையோ...! ஜி.எம். சார்...!"

அவர் போட்ட அலறலில் நாலு மாடியும் ஜன்னலுக்கு ஓடியது.

ஜி.எம். மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. கழுத்து, இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அரைமணியில் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. முகத்தில் சிரிப்பு கிடையாது. பேச்சில் மட்டும் ஊசி வைத்திருந்தார். பின்னால் தொப்பையைத் தள்ளிக்கொண்டு ஏட்டு.

"எப்ப விழுந்தாரு?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "ஒன்பது மணி சைரன் ஊதறப்ப 'தொப்'புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம். மேலேருந்து குப்பை மூட்டையைப் போடறாங்கன்னு நினைச்சேன்."

"ஜி.எம்.மை குப்பை மூட்டைன்னு நினைச்சீங்களா?"

"சத்தம் அப்படித்தான் மேடம் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் நாலாவது மாடிக்கு ஏறினார். ஜி.எம். அறையில் ஜன்னல் அகலமாய்த் திறந்திருந்தது. மேஜையில் பாதி குடித்த காபி. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் கிடிதம் எதுவும் இல்லை.

வெளியே ஹாலில் மொத்த ஆபீஸும் பேயறைந்த மாதிரி நின்றது.

"கடைசியா அவரைப் பார்த்தது யாரு?"



அப்போதுதான்...

டிங்!

ஹாலில் இருந்த அத்தனை கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஒலித்தன. அக்கவுண்ட்ஸ் அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஜி... ஜி.எம். சார்கிட்டேருந்து மெயில்!"

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார்.

'அனைவருக்கும்... எனக்கு வாழப் பிடிக்கவில்லை. என் சாவுக்கு யாரும் காரணமில்லை.'

"வந்த நேரம்?"

"இப்பதான் மேடம்... பதினொண்ணே கால்."

"ஒன்பது மணிக்கு விழுந்து செத்தவரு, பதினொண்ணே காலுக்கு எழுந்து வந்து டைப் அடிச்சிருக்காரு. ரொம்ப சுறுசுறுப்பான மனுஷன்!" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "இது தற்கொலை இல்ல. கொலை. கொன்னவன் இப்பதான் எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு இதை அனுப்பியிருக்கான்!"



"இல்ல மேடம்... அது அனுப்பின நேரம் இல்ல!"

குரல் வந்த திசையில் ஓர் ஒல்லி மனிதன். கண்ணாடி. சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். தலையெல்லாம் ஒட்டடை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். எல்லோரும் 'சிஸ்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மனைவி இதே ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர்.

"அது வந்து சேர்ந்த நேரம் மேடம். பெருசு எப்பவும் லேட்டாத்தான் கொண்டு வந்து குடுக்கும்."

"பெருசா? கூப்பிடுங்க அந்த ஆளை. விசாரிக்கணும்."

"ஆள் இல்ல மேடம். எங்க மெயில் சாஃப்ட்வேர்!"

பெருசு! அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் ஆபீஸில் எல்லோருக்கும் வயிறு எரியும். முதலாளி கம்பெனி தொடங்கிய காலத்தில் வாங்கியது. நேற்று வந்த மெயிலைத் தேடினால் ஏழு வருஷத்துக்கு முந்தைய மெயிலைக் கொண்டு வந்து நீட்டும். ஒரு போட்டோவை இணைத்தால் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். எல்லோரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய ஃபைலைத் திறந்தால், 'இதை ஸ்டோர்ஸ் மேனேஜர் திறந்து வைத்திருக்கிறார்' என்று கதவைச் சாத்தும். ஸ்டோர்ஸ் மேனேஜர் ரிட்டையராகி மகன் வீட்டில் பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறார்!

"மேடம்...!!"

ஏட்டு அலறினார். ஆள் இல்லாத சீட் ஒன்றில் உட்கார்ந்து, செத்தவரின் மெயிலைக் கிளறியவர், கை தவறி 'பதில் அனுப்பு' பட்டனைத் தட்டிவிட்டார். உடனே பதில் வந்துவிட்டது... ஜி.எம்.மிடமிருந்து!

'நான் தற்சமயம் வெளியூரில் இருக்கிறேன். திரும்பி வந்ததும் உங்களை நேரில் சந்திக்கிறேன்.'

"நேர்ல வர்றேங்கறாரு மேடம்!" ஏட்டுவின் தொப்பை நடுங்கியது.

"அது மூணு வருஷத்துக்கு முன்னாடி லீவுல போனப்ப போட்டு வெச்ச பதில் சார்," என்றான் சிஸ்டம். "நிறுத்தவே முடியல. பக்கத்து ரூம்ல உட்கார்ந்துக்கிட்டே மூணு வருஷமா வெளியூர்ல இருந்தாரு."

"அது மட்டும் உடனே வருது?" இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஜி.எம்.மோட பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். எல்லாரோடதும் தெரியும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"...யாருக்கும் தெரியாது."

"காலையில ஒன்பது மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"சர்வர் ரூம்ல. பெருசு படுத்துடுச்சு. எழுப்பிக்கிட்டு இருந்தேன்."

"சாட்சி?"

"பெருசுதான் மேடம்..."

கூட்டத்திலிருந்து சேல்ஸ் மேனேஜர் முன்னால் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. வாசனை மூன்றடிக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. சிஸ்டத்தின் தோளில் பரிவாகக் கை போட்டார்.

"மேடம், தம்பி தங்கமான பையன். கொஞ்சம் கோபக்காரன், அவ்வளவுதான். நேத்து மீட்டிங்ல ஏதோ வாய் தவறி..."

"என்ன சொன்னாரு?"

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு மேடம்..."

"சொல்லுங்க!"

"'இந்த சாஃப்ட்வேரை மாத்தலேன்னா எல்லாத்தையும் ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுடுவேன்'னு..."

"நான் சர்வரைச் சொன்னேன் மேடம்!" சிஸ்டம் கத்தினான்.

"ஜி.எம். என்ன சொன்னாரு?"

சேல்ஸ் மேனேஜர் பெருமூச்சு விட்டார். "'முதல்ல என்னைத் தூக்கிப் போடு'ன்னாரு."

முடிந்தது கதை! இன்ஸ்பெக்டர் கையை அசைக்க, ஏட்டு சிஸ்டத்தின் மணிக்கட்டைப் பிடித்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆபரேட்டர் ஓடிவந்தாள். கணவனின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது...! மேடம், இவர் எறும்பைக்கூட நசுக்க மாட்டார் மேடம்! கரப்பான் பூச்சி வந்தா நான்தான் அடிக்கணும்! நாலு மணிக்குப் பொண்ணு ஸ்கூல் வாசல்ல நிப்பா. 'அப்பா எங்கே?'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அழாதேம்மா," என்றான் சிஸ்டம். "மேடம், ஒரே ஒரு சான்ஸ் குடுங்க. மெயில் லேட்டாத்தான் வரும்னு நிரூபிக்கறேன். அப்புறம் தூக்குல வேணாலும் போடுங்க!"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். ஆபரேட்டரின் முகத்தைப் பார்த்தார்.

"சரி. நிரூபிங்க."

சிஸ்டம் அக்கவுண்ட்ஸ் அம்மாவை உட்காரச் சொன்னான். "பக்கத்து சீட்டுக்கு ஒரு மெயில் போடுங்கம்மா."

அம்மா 'வணக்கம்' என்று தட்டினார். அனுப்பினார்.

எல்லோரும் பக்கத்து சீட் கம்ப்யூட்டரையே வெறித்தார்கள்.

வரவில்லை.

மின்விசிறி மட்டும் சுற்றியது. ஏட்டு கொட்டாவி விட்டார்.

வரவில்லை.

அக்கவுண்ட்ஸ் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டென்று எழுந்தார். பக்கத்து சீட்டுக்காரரிடம் போய் நின்றார்.

"மெயில் போட்டிருக்கேன்... வந்துச்சா?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "இப்ப எதுக்கு எழுந்து போனீங்க?"

அம்மா விழித்தார். "தெரியல மேடம்... பழக்கம்! கை அனுப்பினா கால் தானா நடந்துடுது."

"இங்க எல்லாருமே அப்படித்தான் மேடம்," என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "மெயில் போடுவோம். அப்புறம் நேர்ல போய் வந்துச்சான்னு கேட்போம். வரலேன்னா விஷயத்தை வாயால சொல்லிட்டு வந்துடுவோம்."

"அப்ப மெயில் எதுக்குய்யா?"

அந்தக் கேள்விக்கு அந்த ஆபீஸில் இதுவரை யாரும் பதில் கண்டுபிடித்ததில்லை.

ஆனால் இன்ஸ்பெக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் மூளையில் பொறி தட்டிவிட்டது! ஹாலின் நடுவே வந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. இந்தத் தற்கொலை மெயில் பதினொண்ணே காலுக்குத்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி... காலையிலேருந்து... யாராவது உங்ககிட்ட வந்து, 'ஜி.எம். மெயில் வந்துச்சா?'ன்னு கேட்டாங்களா?"



ஆபரேட்டரின் விசும்பல் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கையைத் தூக்கினாள்.

"என்கிட்ட கேட்டாரு மேடம். போன்ல. ரெண்டு தடவை."

"என்கிட்டயும்!" என்றார் அக்கவுண்ட்ஸ் அம்மா.

"என் சீட்டுக்கே வந்து கேட்டாரே!"

"கேன்டீன்ல என்னைக் கேட்டாரு!"

கைகள் மளமளவென்று உயர்ந்தன.

"யாரு?"

அத்தனை கண்களும் ஒரே ஆளின் மேல் போய் நின்றன.

சேல்ஸ் மேனேஜர்!

சிஸ்டத்தின் தோளில் கிடந்த கை மெதுவாக நழுவியது.

"அ... அது வேற மெயில் மேடம்! டார்கெட் மெயில்! மாசா மாசம் ஜி.எம். போடுவாரே..."

"பொய்!" ஆபரேட்டர் சீறினாள். "'ஜி.எம். எல்லாருக்கும் சேர்த்து ஒரு மெயில் போட்டிருக்காரு, வந்துச்சா?'ன்னுதானே சார் கேட்டீங்க? அவர் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்? என் புருஷன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டே குழி பறிச்சீங்களா?"

"சிஸ்டம்!" என்றார் இன்ஸ்பெக்டர். "ஜி.எம். மெயிலைத் திறங்க."

சிஸ்டம் பாய்ந்தான். ஜி.எம்.மின் பெட்டியில் படிக்காத மெயில்கள் மலையாய்க் குவிந்து கிடந்தன. படிக்கப்பட்டவை மிகக் கொஞ்சம். அதில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ஒரு வரி.

'சேல்ஸ் மேனேஜர் தாம் அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்.'

அதற்குக் கீழே அதே வரி. அதற்குக் கீழே மறுபடியும்!

"அனுப்பின மெயிலைத் திரும்பி வாங்கறதுக்கு ஒரு பட்டன் இருக்கு மேடம்," சிஸ்டம் மூச்சு வாங்கினான். "ஆனா பெருசு திரும்பித் தராது. 'இவர் திரும்பிக் கேக்கறாரு'ன்னு அந்தப் பக்கம் கோள் மூட்டும். எந்த மெயிலையும் படிக்காதவன்கூட அதைத் தேடிப் பிடிச்சுப் படிப்பான்!"

அவர் திரும்பக் கேட்ட அந்த மெயிலைத் தேடித் திறந்தான். உள்ளே, கம்பெனியின் புதிய டெண்டர் விலை முழுவதும் இருந்தது. மேலே ஒரு வரி... 'நண்பரே, நீங்கள் இதைவிடக் குறைத்துக் கொடுங்கள்.'

"எதிர் கம்பெனிக்குப் போக வேண்டியது!" என்றார் இன்ஸ்பெக்டர்.

சேல்ஸ் மேனேஜரின் இஸ்திரி சட்டை வியர்வையில் தொப்பலாகியிருந்தது. பொத்தென்று நாற்காலியில் விழுந்தார்.

"ரெண்டு எழுத்து அடிச்சா மிச்சப் பேரை அந்தச் சனியனே போட்டுக்கும் மேடம்... அந்தக் கம்பெனிக்காரன் பேருக்குப் பதிலா ஜி.எம். பேரைப் போட்டுடுச்சு! காலையில கூப்பிட்டாரு. போலீஸுக்குப் போறேன்னாரு. ஜன்னல் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு..."

"தள்ளினீங்க. அவர் கம்ப்யூட்டர்லயே டைப் அடிச்சு அனுப்பினீங்க. அதோட பேசாம சீட்ல போய் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே?"

சேல்ஸ் மேனேஜர் பரிதாபமாக நிமிர்ந்தார்.

"எப்படி மேடம் உட்கார முடியும்? வந்துச்சோ வரலையோன்னு மனசு கிடந்து அடிச்சுக்குதே!"

ஏட்டு சிஸ்டத்தின் மணிக்கட்டை விட்டார். சேல்ஸ் மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்தார். கீழே கொண்டு போனார்.

ஆபரேட்டர் கணவனின் மார்பில் முகம் புதைத்து அழுதாள். அவனும் அழுதான். ஆபீஸே கை தட்டியது.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு திறந்தது. முதலாளி! நடந்ததையெல்லாம் நின்ற இடத்திலேயே கேட்டார். கண்கலங்க சிஸ்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி... உன்னைப் போய் சந்தேகப்பட்டுட்டாங்களே! உனக்கு நான் ஏதாவது செய்யணும். என்ன வேணும், கேளு!"

சிஸ்டத்தின் முகம் மலர்ந்தது. எத்தனை வருஷக் கனவு!

"சார்... அந்தப் பெருசை மட்டும் மாத்திடுங்க சார்!"

முதலாளி நெஞ்சில் கை வைத்தார்.

"மாத்தறதா? என்னப்பா பேசறே! பெருசு ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா அந்த மெயில் ஒன்பது மணிக்கே வந்திருக்கும். தற்கொலைன்னு கேஸை மூடியிருப்பாங்க. அந்தப் பாவி தப்பிச்சிருப்பான்! கொலைகாரனைப் பிடிச்சுக் குடுத்ததே பெருசுதான்பா! உன்னைக் காப்பாத்தினதும் அதுதான்! நான் உயிரோட இருக்கற வரைக்கும் அதை ஒருத்தரும் தொடக் கூடாது. நீதான் அதைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கணும்!"



சிஸ்டம் மெதுவாக இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"மேடம்... உங்க ஜீப்புல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"