குடத்திலிருந்து வந்த மோதிர வாட்ச்

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் கார் ஆவடி குவார்ட்டர்ஸின் வரிசை வீடுகளுக்கு இடையே வந்து நின்றது. தாட்சாயிணி இறங்கினாள். காலையில் கொரட்டூரில் கட்டிய தாலியின் மஞ்சள் வியர்வையில் கரைந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வரிசையில் கடைசி வீடு. வேப்பமரம் ஒன்று கூரையை மூடியிருந்தது. ஜன்னல் கம்பிகளின் மேல் கொசுவலையை ஆணி வைத்து இறுக்கமாக அடித்திருந்தார்கள். வாசல் கதவில் பெரிய பூட்டு ஒன்று திறந்தபடி தொங்கியது. மாப்பிள்ளை பரந்தாமன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பையின் ஒரு பக்கம் கனத்துத் தொங்கியது.

ஆரத்தித் தட்டோடு வடிவு வந்தாள். பரந்தாமனின் அக்கா. பட்டாபிராமிலிருந்து முன்தினமே வந்து கல்யாண வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவள்.

"வலது கால எடுத்து வச்சி வாம்மா. இன்னாடா நைனா, மூஞ்சிய தூக்கி வச்சிகினு நிக்கிற? ரெண்டாந்தபா கல்யாணம்னா சிரிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

பரந்தாமன் சிரிக்கவில்லை. அதிகம் பேசுகிறவன் இல்லை என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். மத்திய சர்க்கார் ஃபேக்டரியில் ஃபிட்டர். முதல் மனைவி பூங்காவனம் ஜுரத்தில் போய்விட்டாள், குழந்தை இல்லை. தாட்சாயிணியின் அப்பாவுக்கு அவ்வளவு தெரிந்தால் போதுமாக இருந்தது.

உள்ளே நுழைந்து திரும்பியபோதுதான் கதவின் உட்புறத்தைப் பார்த்தாள். பச்சைப் பெயின்ட், நெஞ்சு உயரத்தில் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து மரம் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு.

கூடத்தின் மூலையில் ஒரு பித்தளைக் குடம். கழுத்தில் சாமந்தி மாலை, பக்கத்தில் மடித்த சிவப்புப் புடவை, ஒரு அகல்.

"பூவாடைக்காரி. விழுந்து கும்பிட்டுக்க" என்றாள் வடிவு.

தாட்சாயிணிக்கு அது புதிதல்ல. அவள் வீட்டிலும் உண்டு. தாலியோடு செத்துப்போன பெண்ணை, வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அழைக்க வேண்டும். ஏரிக்கரைக்குப் போய், வெற்றிலையில் கற்பூரம் ஏற்றித் தண்ணீரில் மிதக்கவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த இடத்துத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வருவார்கள். புதுப் புடவை வைத்துப் படைப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் அதே தண்ணீரை அதே ஏரியில் கொண்டுபோய் ஊற்றி, வந்தவளை வழியனுப்ப வேண்டும்.

குடத்தில் இருந்தது யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாட்சாயிணி விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது குடத்துத் தண்ணீர் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. தன் நெற்றி தரையில் பட்ட அதிர்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நலங்குக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். குடத்துத் தண்ணீருக்குள் மோதிரத்தைப் போட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் கைவிட்டுத் தேடும் விளையாட்டுக்குத்தான் இந்தக் கூட்டம். வடிவு சமையலறைக்கும் பின்கட்டுக்கும் அலைந்தாள். குழாய் வறண்டு கிடந்தது. டிரம்மில் அடிவண்டல்தான் மிச்சம். கடைசியில் ஒரு குடத்தைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

பக்கத்து வீட்டுத் தாயம்மாள் குடத்தைப் பார்த்தாள், பிறகு மூலையைப் பார்த்தாள். மாலை மட்டும் தரையில் கிடந்தது.

"வடிவு, இது எந்தக் கொடம்டி?"

"சும்மா இருக்கா. கொழாயில காத்துதான் வருது. அஞ்சு நிமிசம் வெளையாடிட்டு வச்சிடப் போறேன். அவளும் இந்த ஊட்டுப் பொண்ணுதானே, கோச்சிக்கமாட்டா."

தங்க மோதிரம் 'டிங்' என்று குடத்தின் அடியில் விழுந்தது.

"பொண்ணே, வுட்டுடாத! இன்னிக்கி வுட்டா ஆயுசுக்கும் அவன் கைதான் ஓங்கும்!"

"பரந்தாமா, இன்னாய்யா மெஷின்ல கைய வுடறாப்ல பயந்து பயந்து வுடற?"

இரண்டு கைகளும் குறுகிய வாய் வழியே நெருக்கிக்கொண்டு இறங்கின. தண்ணீர் குளிர்ந்திருந்தது. சித்திரை வெயிலில் அப்படிக் குளிரக் காரணமில்லை. பாசி வாடை எழுந்தது. தாட்சாயிணி விரல்களால் அடியைத் துழாவினாள். வழவழப்பான பித்தளை. பிறகு ஒரு கை அவள் கையைப் பற்றியது.

இறுக்கமாக இல்லை. மெதுவாக.

மணிக்கட்டில் தொடங்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி, மோதிர விரலைத் தனியாகப் பிரித்து எடுத்தது. கூச்சத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையை உயர்த்திப் பரந்தாமனைப் பார்த்தாள்.

அவன் தோள்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு கைகளும் வெளியே இருந்தன.

குடத்துக்குள் இருந்த கை அவள் விரலில் எதையோ மாட்டியது. விரல் முட்டியைத் தாண்டும்வரை பொறுமையாகத் தள்ளியது. பிறகு விட்டுவிட்டது.

அவள் கையை வெளியே இழுத்தாள். தங்கம் இல்லை. வெள்ளி நிறத்தில், மோதிரத்தின் மேல் உட்கார்ந்த ஒரு சின்னச் சதுர வாட்ச். புளியங்கொட்டை அளவுதான் அதன் முகம். சாம்பல் நிறக் கண்ணாடி. எண்கள் எதுவும் இல்லை.

"அட, எலக்ட்ரானிக் வாட்ச்சு! பர்மா பஜார்ல விக்கிறானே, அது!" என்றாள் ஒருத்தி.

வடிவு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, சிமென்ட் தரையில் கவிழ்த்தாள். தங்க மோதிரம் உருண்டு விழுந்தது. தண்ணீர் சாக்கடை வழியே போனது. அந்த அவசரத்தில் என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"அது அவகூடவே எரிஞ்சிடுச்சேடா" என்று தம்பியிடம் கிசுகிசுத்தாள். "அவள குளிப்பாட்டறப்ப நான்தானே கழட்டப் பாத்தேன். வெரல் வீங்கிக் கெடந்துச்சு. வரல. அப்டியேதானே அனுப்பினோம்."

"வாய மூடு" என்றான் பரந்தாமன்.

சோப்பு போட்டுப் பார்த்தார்கள். தேங்காயெண்ணெய் விட்டார்கள். தாயம்மாள் நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உருவிப் பார்த்தாள். நூல்தான் அறுந்தது. இருட்டுவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். வடிவும் பஸ்ஸைச் சாக்கிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை பரந்தாமன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டான்.

"ஃபேக்டரிலேர்ந்து ரம்பம் கொண்டாறேன். அறுத்துடலாம்."

கதவைச் சாத்தினான். வெளியே சங்கிலி இழுபடும் ஓசை. பூட்டு விழுந்தது.

"ஏங்க, எதுக்கு வெளிய பூட்டறீங்க?"

"புது எடம். லைன்ல ஒவ்வொருத்தனும் ஒரு மாதிரி. நான் வர்ற வரைக்கும் எவன் கூப்ட்டாலும் கதவாண்ட போகாத."

"உள்ள தாழ்ப்பாள் கீதுங்களே..."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அவள் கையில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தாள். அதுவரை வெறுமையாக இருந்த சாம்பல் கண்ணாடியில் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கூடி எண்களாகின. முதலில் எல்லாம் சைபர். பிறகு ஒன்று. இரண்டு. மூன்று. அது மணி காட்டவில்லை. பூட்டு விழுந்த நொடியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்த இரண்டு புள்ளிகள் அணைந்து அணைந்து தோன்றின. அவள் மூச்சு வாங்கியபோது அவையும் வேகமாகத் துடித்தன.

வீடு முழுக்க நடந்தாள். பின்கட்டுக் கதவிலும் வெளிப்பூட்டு. ஜன்னல் வலையில் நகத்தைக்கூட நுழைக்க முடியவில்லை. சமையலறையில் பாத்திரங்கள் அடுக்கி வைத்த மாதிரியே இருந்தன. எங்கும் காலண்டர் இல்லை, கடிகாரம் இல்லை. ஃபேக்டரிச் சங்கு ஊதியபோது மதியம் என்று தெரிந்தது. அதற்குள் விரல் வீங்கிக் கறுத்திருந்தது. மோதிரத்தின் விளிம்பு சதைக்குள் புதைந்துவிட்டது.

"பொண்ணே." ஜன்னலுக்கு வெளியே தாயம்மாள். "உன்னையும் பூட்டிகினு போய்ட்டானா?"

தாட்சாயிணி வலையருகே போனாள். "உன்னையும்னா?"

தாயம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். வேப்பமரத்தில் காகம் ஒன்று உட்கார்ந்து, பறந்து, மறுபடி வந்து உட்கார்ந்தது.

"பூங்காவனம் இங்கியேதான் நிப்பா. போறவங்க வர்றவங்கள மணி இன்னா, மணி இன்னான்னு கேட்டுகினே இருப்பா. மணி தெரிஞ்சி இன்னா பண்ணப் போறா? நாலு வார்த்த பேசணும், அவ்ளோதான். ஒருநா அவன் பாத்துட்டான். அந்த வாட்ச்ச வாங்கியாந்து வெரல்ல மாட்டினான். இனிமே ஒருத்தர்கிட்டயும் மணி கேக்காதன்னான். அப்பறம் அவ ஜன்னலாண்டயே வரல."

"ஜுரம்னு சொன்னாங்களே."

"ஜுரம்தான். டபுள் டூட்டின்னு அவன் ராத்திரியும் வரல. கதவ தட்டினா. புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், நமக்கின்னான்னு இருந்தோம். மறுநாளும் தட்டினா. எங்கூட்டுக்காரரு அடுத்தவன் ஊட்டுப் பூட்டுல கை வைக்கக் கூடாதுன்னுட்டாரு." தாயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்பறம் தட்டல. ஜுரம் எறங்கிடுச்சின்னு நெனச்சேன் கண்ணு. சத்தியமா அப்டித்தான் நெனச்சேன்."

சாயங்காலச் சங்கு ஊதியது. சைக்கிள் மணிகள் வரிசையில் நுழைந்தன. ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்தது, குழந்தைகள் கத்தின, எங்கோ மீன் வறுக்கும் மணம் வந்தது. தாட்சாயிணி கதவருகே நின்றாள். எந்தச் சைக்கிளும் அவள் வாசலில் நிற்கவில்லை.

தாயம்மாளின் கணவர் துலுக்கானத்தின் குரல் மட்டும் வெளியே கேட்டது. "பரந்தாமன் வரமாட்டானாம்மா. டபுள் டூட்டியாம்."

கரண்ட் போனது.

வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. வீட்டுக்குள் முதலில் மூலைகள் கறுத்தன. பிறகு சுவர்கள். மோதிரத்தின் எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு புள்ளிகளின் துடிப்பு எலும்பு வழியாக முழங்கைவரை ஏறியது.

பாசி வாடை வந்தது.

பின்கட்டிலிருந்து வந்தது. தண்ணீர் ஊற்றப்பட்ட இடத்திலிருந்து. சமையலறையைக் கடந்து, கூடத்துக்கு.

ஈரப் புடவை தரையில் இழுபடும் ஓசை.

தாட்சாயிணி கத்த நினைத்தாள். கடைசியில் வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"அக்கா."

ஓசை நின்றது.

"அக்கா, நான் ஒண்ணும் உன் எடத்தப் புடிக்க வரல. எனக்கும் இங்கேந்து வெளிய போணும்."

குளிர்ந்த கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. குடத்தில் பற்றியது போலவே, மெதுவாக. அவளைக் கதவுவரை நடத்திப் போனது. பெயின்ட் தேய்ந்த இடத்தில் அவள் உள்ளங்கையைப் பதித்தது.

தாட்சாயிணி தட்டினாள்.

பக்கத்தில் இன்னொரு கையும் தட்டியது.

வெளியே யாரோ ஓடி வந்தார்கள். "அய்யோ, மறுபடியும்..." என்றது தாயம்மாளின் குரல். பிறகு துலுக்கானம்: "அடியே, கொழவிய கீழ போடு. அடுத்தவன் ஊட்டுப் பூட்டு. நாளைக்கி அவன் வந்து கேட்டா?"

"இந்தத் தபா நீ வாயத் தெறந்தா, மொதல்ல உன் மண்டையிலதான் எறங்கும்."

அம்மிக் குழவி பூட்டில் மோதியது. மறுபடி மோதியது. சங்கிலி அறுந்து தொங்கியது. கதவு திறந்ததும் தாட்சாயிணி படியில் விழுந்தாள். தாயம்மாள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் இயல்பான நிறத்தில் இருந்தது. மோதிரம் இல்லை.

"உள்ள கூட யாரு?" என்றாள் தாயம்மாள். "ரெண்டு பேர் தட்டினீங்களே."

தாயம்மாள் பின்கட்டிலிருந்து கூடம்வரை நீண்ட ஈரத்தை எட்டிப் பார்த்து, பிறகு தாழ்ந்த குரலில், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்: "அழைச்சிகினு வந்தாங்க. திரும்ப ஏரில கொண்டுபோயி வுடலியே."

அன்றே தாயம்மாள் அவளை ரயிலேற்றிக் கொரட்டூரில் கொண்டுபோய் விட்டாள்.

பரந்தாமன் ஒருமுறை வந்தான். புதுப் பூட்டு ஒன்று சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது. தாட்சாயிணி வாசலில் நின்று, "வரமாட்டேன்" என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவின் இருட்டைப் பார்த்தான். உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. திரும்பி ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்தான். அதன்பின் வரவே இல்லை.

அம்மா பார்வதம்தான் முதலில் கவனித்தாள். சாத்திய அறைக் கதவு சற்று நேரத்தில் திறந்து கிடக்கிறது. பீரோக் கதவு மூடி நிற்பதில்லை. தச்சனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கீல்களை ஆட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். தாட்சாயிணி வெளியூர் போயிருந்த வாரத்தில் எல்லாக் கதவுகளும் ஒழுங்காகச் சாத்தியபடி நின்றன.

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. திறந்த கதவுகளோடு வாழப் பழகிக்கொண்டாள். காற்றும் தெருச் சத்தமும் யார் பார்வையும் எந்நேரமும் உள்ளே வரலாம். தனியாக இருக்க அவளுக்கு இனி ஓர் இடமும் இல்லை.

ஒரு மத்தியானம் குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நின்றாள். புது இரும்புத் தாழ்ப்பாள். அப்பா இறுக்கமாகப் பொருத்தியது. அதைத் தள்ள அவளுக்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. நிதானமாக. முரட்டுத்தனமே இல்லாமல். தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல.

"அக்கா, கொஞ்ச நேரம்" என்றாள் தாட்சாயிணி. "குளிச்சிட்டு வந்துடறேன்."

தாழ்ப்பாள் பாதியில் நின்றது. யோசிப்பதுபோல இருந்தது.

பிறகு முழுவதுமாக விலகி, கதவு அகலத் திறந்துகொண்டது.